இந்த எழுத்துகள் உள்ள நீண்ட சொல் எது? ஆங்கிலச் சொல் தேடலின் கருவிகளும் கணக்கும்

ஆங்கிலத்தில் ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துகளும் வருகிற மிக நீண்ட சொல் எது? விவரம் தெரிந்த மூன்று பேரிடம் கேட்டால் மூன்று விடைகள் வரும். ஒருவர் 'நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ்' என்பார். எரிமலையின் நுண்தூசியால் நுரையீரலில் வரும் நோயைக் குறிக்கும் 45 எழுத்துச் சொல் அது. அடுத்தவர் நாளிதழிலும் வரலாற்று நூலிலும் புழங்குகிற சொல்லே வேண்டும் என்று சொல்லி, எதிர்ப்புரட்சியாளர்கள் என்று பொருள்படும் 'கவுன்டர்ரெவல்யூஷனரீஸ்' என்ற 22 எழுத்துச் சொல்லைத் தருவார். மூன்றாமவர் ஐந்து உயிர்களும் ஒவ்வொரு முறை மட்டுமே வர வேண்டும் என்று கேள்வியைப் புரிந்துகொண்டு, பாராட்டாத என்று பொருள்படும் 'அன்காம்ப்ளிமென்டரி' என்ற 15 எழுத்துச் சொல்லை முன்வைப்பார். இந்த மூன்றில் எதையும் தவறென்று தள்ள முடியாது.

ஒரே கேள்விக்கு இத்தனை விடைகள் வருவதற்குக் காரணம் தேடுபவரின் திறமைக் குறைவு அல்ல. அந்தச் சிறிய கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. எழுத்து ஒரு சொல்லில் 'உள்ளது' என்றால் எப்படி உள்ளது? எதைச் 'சொல்' என்று ஏற்கிறோம்? 'நீண்ட' என்பதால் எதை அளக்கிறோம்? கணினி வந்த பிறகு தேடும் வேலை ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. இந்த மூன்றையும் முடிவு செய்யும் வேலை மனிதரிடமே இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால் இந்த விளையாட்டு மொழியின் அமைப்பையே காட்டித் தருகிறது. நானூறு ஆண்டுகளில் இந்தத் தேடலுக்கு உருவான கருவிகளையும், அவை தீர்த்ததையும் தீர்க்காததையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

அகரவரிசை தரும் உதவி

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி என்று கருதப்படுவது ராபர்ட் காட்ரி 1604இல் வெளியிட்ட நூல். அதில் இருந்தவை சுமார் 2,500 சொற்கள். அகரவரிசை அப்போது வாசகருக்குப் பழக்கமில்லை. அதனால் ஏ என்று தொடங்கும் சொல்லை நூலின் தொடக்கத்திலும் வி என்று தொடங்குவதைக் கடைசிப் பக்கங்களிலும் தேடுங்கள் என்று காட்ரி முன்னுரையிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. முதல் எழுத்து தெரிந்தவருக்கு அகரவரிசை பேருதவி. நடுவில் எக்ஸ் வரும் சொல்லைத் தேடுபவருக்கு அது எந்த உதவியும் செய்யாது. அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டியாக வேண்டும்.

வேறு வழியில் தேடுபவருக்கு வேறு வரிசை தேவைப்பட்டது. 1775இல் ஜான் வாக்கர் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசைப்படுத்தி ஓர் அகராதி வெளியிட்டார். இயைபு தேடும் கவிஞருக்கு உதவுவது அதன் முதல் நோக்கம். ஒரே பின்னொட்டுள்ள சொற்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடியதால் சொல்லமைப்பை ஆராய்பவர்களுக்கும் அது பயன்பட்டது. 1971இல் மார்ட்டின் லேனர்ட் லைப்சிக் நகரில் வெளியிட்ட தலைகீழ் அகராதி இதே வழியில் தற்கால ஆங்கிலத்தைத் தொகுத்தது.

சொல்லின் உள்ளெழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தும் வேலை தமிழில் இன்னும் முன்பே நடந்திருக்கிறது. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகை வாரியாக, அதாவது இரண்டாம் எழுத்தின்படி, அடுக்குகிறது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதி தொடைக்கென்றே அமைந்தது. செய்யுள் எழுதுபவருக்கு முதலெழுத்தைவிட இரண்டாம் எழுத்தே முக்கியம் என்பதால் அந்த வரிசை பிறந்தது. ஒவ்வொரு வரிசையும் ஒரு தேவைக்குப் பிறந்து அந்தத் தேவைக்கு மட்டுமே பதில் சொல்கிறது. முதலில், நடுவில், கடைசியில் என்று எங்கே இருந்தாலும் சரி, இந்த எழுத்துகள் இருந்தால் போதும் என்று கேட்பவருக்குத் தாளில் அச்சிட்ட எந்த வரிசையும் முழு விடை தராது.

'உள்ள' என்பதன் ஆறு வகைகள்

கருவிகளைப் பார்க்கும் முன் கேள்வியின் வகைகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. புதிர்களையும் விளையாட்டுகளையும் பார்த்தால் 'எழுத்துகள் உள்ள சொல்' என்பது ஆறு வகையாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

முதல் வகையில் கொடுத்த எழுத்து ஒவ்வொன்றும் ஒருமுறையாவது வந்தால் போதும். வேறு எழுத்துகள் எத்தனை வந்தாலும் தடையில்லை. இரண்டாம் வகையில் எண்ணிக்கையும் சேர்கிறது: கையில் ஒரே ஒரு இ இருந்தால் சொல்லிலும் ஒரு இ மட்டுமே வரலாம். ஸ்கிராபிள் ஆட்டம் இந்த வகை. மூன்றாம் வகையில் வரிசை முக்கியம். ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற அதே வரிசையில் உயிர்கள் வரும் 'ஃபெசீஷியஸ்', 'ஆப்ஸ்டீமியஸ்' என்ற இரு சொற்களும் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். நான்காம் வகையில் எழுத்துகள் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்க வேண்டும். மாற்று நடிகரைக் குறிக்கும் 'அண்டர்ஸ்டடி' என்ற சொல்லுக்குள் அகரவரிசையின் தொடர்ச்சியான நான்கு எழுத்துகள், ஆர் முதல் யூ வரை, ஒட்டியே நிற்கின்றன.

ஐந்தாம் வகை கதவை மூடுகிறது: கொடுத்த எழுத்துகளைத் தவிர வேறெதுவும் வரக் கூடாது. தட்டச்சுப் பலகையின் மேல் வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து எழுதக்கூடிய நீண்ட சொற்களைத் தேடினால் பத்து எழுத்துள்ள 'டைப்ரைட்டர்' கிடைக்கிறது. உரிமையாளரைக் குறிக்கும் 'ப்ரொப்ரைட்டர்' என்பதும் அதே நீளம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் 'ஸ்பெல்லிங் பீ' புதிர் இந்த வகையோடு முதல் வகையைக் கலந்தது. அதில் ஏழு எழுத்துகள் தரப்படும்; நடுவில் உள்ள எழுத்து வந்தே ஆக வேண்டும்; மற்றவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆறாம் வகையில் எந்த எழுத்தும் திரும்ப வரக் கூடாது. காப்புரிமை பெற முடியாத என்று பொருள்படும் 'அன்காப்பிரைட்டபிள்' என்ற சொல்லில் 15 எழுத்துகளும் வெவ்வேறானவை. ஐந்து உயிர்களோடு ஒய் எழுத்தும் அதில் உண்டு.

இந்த ஆறில் எது என்று சொல்லாமல் கேட்கப்படும் கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்று இருக்க முடியாது. தொடக்கத்தில் பார்த்த மூவரில் முதல் இருவர் முதல் வகையையும், மூன்றாமவர் முதல் வகையோடு ஆறாம் வகையின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டார்கள்.

கண்ணாலும் நினைவாலும் தேடியவர்கள்

அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர் சங்கம் 1883இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. மேலே சொன்ன 45 எழுத்துச் சொல் பிறந்ததே இந்தச் சங்கத்தில்தான். 1935இல் அதன் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் உருவாக்கிய சொல் அது. மருத்துவர்களுக்குத் தேவைப்பட்டு வந்ததல்ல, நீளத்துக்காகவே செய்யப்பட்டது. செய்தித்தாளில் வெளியாகி, பிறகு பெரிய அகராதிகளிலும் இடம்பிடித்தது.

இந்தத் தேடலை ஒரு துறையாக வளர்த்தவர் டிமிட்ரி போர்க்மன். 1965இல் அவர் எழுதிய 'லாங்குவேஜ் ஆன் வெகேஷன்' என்ற நூல் எழுத்துகளின் அமைப்பை வைத்துச் சொற்களை ஆராயும் ரசனையைப் பரப்பியது. 1968இல் அவரை ஆசிரியராகக் கொண்டு 'வேர்ட் வேஸ்' என்ற இதழ் தொடங்கியது. பின்னர் ராஸ் எக்லர் பல பத்தாண்டுகள் அதை நடத்தினார். பெரும் அகராதிகளைப் பக்கம் பக்கமாகக் கண்ணால் அலசிப் பட்டியல்கள் தயாரித்தவர்கள் அதில் எழுதினார்கள். அந்த உழைப்பு இன்றைக்கும் மதிக்கத்தக்கது. அவர்கள் தேடியது விடையை மட்டுமல்ல; அந்தச் சொல் எந்த அகராதியில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்ற சான்றையும் சேர்த்தே பதிவு செய்தார்கள்.

கண்ணால் தேடுபவரின் முதல் உத்தி, கொடுத்த எழுத்துகளில் மிக அரிதானதைப் பிடித்துக்கொள்வது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்குவது இ. மிக அரிதானவை ஜே, க்யூ, எக்ஸ், இசட். கட்டடக் கலைஞரான ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் ஸ்கிராபிளை உருவாக்கியபோது நாளிதழின் முதல் பக்கத்தில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தே வில்லைகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தார். அதனால்தான் 100 வில்லைகளில் இ 12 இருக்கிறது; ஜே, க்யூ, எக்ஸ், இசட் ஒவ்வொன்றுதான் இருக்கின்றன. அரிய எழுத்திலிருந்து தொடங்கினால் பார்க்க வேண்டிய சொற்கள் ஆயிரக்கணக்கிலிருந்து சில நூறாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது உத்தி, அந்த எழுத்து எங்கே நிற்கும், யாரோடு சேரும் என்று அறிவது. க்யூவுக்குப் பின் பெரும்பாலும் யூ வரும். எக்ஸ் பெரும்பாலும் இ-யோடு சேர்ந்து முன்னொட்டாக வரும். க்யூவும் எக்ஸும் உள்ள சொல் வேண்டுமென்றால் இவ்விரண்டையும் சேர்த்ததுமே நேர்த்தியான என்று பொருள்படும் 'எக்ஸ்க்விசிட்' கிடைக்கிறது. மூன்றாவது உத்தி பின்னொட்டால் நீட்டுவது. 'எக்ஸ்க்விசிட்' என்பதன் பின்னால் தன்மையைக் குறிக்கும் 'நெஸ்' சேர்த்தால் 13 எழுத்துகள். க்யூவும் இசட்டும் கேட்டால் 'ஈக்வல்' என்ற சிறு சொல்லை நீட்டி 12 எழுத்துள்ள 'ஈக்வலைசேஷன்' வரை போகலாம். ஐந்து உயிர்களும் அதில் கூடவே வந்துவிடுகின்றன. ஜேயும் எக்ஸும் கேட்டால் பக்கத்தில் என்று பொருள்படும் 'ஜக்ஸ்டா' என்ற லத்தீன் முன்னொட்டு நினைவுக்கு வர வேண்டும். வந்தால் 'ஜக்ஸ்டபொசிஷன்', 13 எழுத்து. நீண்ட ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க உறுப்புகளைக் கோத்துச் செய்யப்பட்டவை. அந்த உறுப்புகளை அறிந்தவருக்கே நீண்ட சொல் அகப்படும்.

எழுத்துகளை அடுக்கிப் பார்த்தல்

17ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் ஒரு கண்டுபிடிப்பை உடனே வெளியிட விரும்பாதபோது, அதைச் சொல்லும் லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி அச்சிட்டு வைத்தார்கள். பிறகு வேறொருவர் அதே கண்டுபிடிப்புக்கு உரிமை கோரினால் வாக்கியத்தைத் திறந்து காட்டலாம். சனிக் கோளைச் சுற்றி வளையம் இருப்பதை ஹைகன்ஸ் 1656இல் இப்படி மறைத்து வைத்து 1659இல் விளக்கினார். சுருள்வில்லின் நீட்சி அதன் மீதுள்ள விசைக்கு ஏற்ப அமையும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676இல் 14 எழுத்துகளாக அடுக்கிவைத்து 1678இல் வெளிப்படுத்தினார்.

அவர்கள் ஒளிக்கப் பயன்படுத்திய அதே அடுக்கு, கணினிக் காலத்தில் தேடக் கைகொடுத்தது. 1980களில் ஜான் பென்ட்லி தம் 'ப்ரோகிராமிங் பேர்ல்ஸ்' எழுத்துகளில் இந்த உத்தியைத் தெளிவாக விளக்கினார். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி அதை அந்தச் சொல்லின் கையொப்பமாகக் கொள்ள வேண்டும். கேள் என்று பொருள்படும் 'லிசன்', அமைதியான என்று பொருள்படும் 'சைலன்ட்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஆறு எழுத்துகள். அதனால் கையொப்பமும் ஒன்றே. அகராதி முழுவதையும் கையொப்பப்படி ஒருமுறை வரிசைப்படுத்திவிட்டால், ஒரே எழுத்துகளால் ஆன சொற்கள் எல்லாம் தாமாகவே அருகருகே வந்து நிற்கும்.

இதன் பயனைக் கணக்கில் பார்க்கலாம். 1965இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அர்மான் ஷமோ தொடங்கிய நிகழ்ச்சியின் பெயரே 'மிக நீண்ட சொல்' என்ற பொருளுடையது. அதன் வழிவந்த 'கவுன்ட்டவுன்' 1982 நவம்பர் 2 அன்று பிரிட்டனில் சேனல் ஃபோர் தொலைக்காட்சியின் முதல் நிகழ்ச்சியாக ஒளிபரப்பானது. ஒன்பது எழுத்துகள் தரப்படும். 30 நொடிகளில் முடிந்தவரை நீண்ட சொல்லைச் சொல்ல வேண்டும். ஒன்பதும் வெவ்வேறு எழுத்துகள் என்றால் அவற்றை ஒன்று முதல் ஒன்பது வரையிலான நீளங்களில் 9,86,409 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொன்றையும் அகராதியில் பார்ப்பது வீண் வேலை. கையொப்பத்தை வைத்துத் தேடினால் வரிசை பற்றிய கவலையே இல்லை. எந்தெந்த எழுத்துகளை எடுத்துக்கொள்கிறோம் என்பது மட்டுமே கணக்கு. அது 511 தான். கேள்வியை வேறு விதமாக எழுதியதால் வேலை ஏறத்தாழ 1,900 மடங்கு குறைந்துவிட்டது.

கணினிக்குள் சொற்பட்டியல்

1968இல் கென் தாம்ப்சன் எழுத்து வடிவங்களை விரைவாகத் தேடும் வழிமுறை ஒன்றை வெளியிட்டார். 1970களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'கிரெப்' என்ற சிறு கருவி யூனிக்ஸ் இயங்குதளத்தோடு உலகெங்கும் பரவியது. எந்த எழுத்து முதலில், எது பிறகு, இடையில் எது வரலாம், எது வரக் கூடாது என்பதை ஒரு வரியில் குறியீடாக எழுதிக் கொடுத்தால், பொருந்தும் சொற்களை அது பட்டியலிடும். 1984இல் பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் எழுதிய யூனிக்ஸ் நூல், ஐந்து உயிர்களும் வரிசையாக ஒவ்வொரு முறை மட்டும் வரும் சொற்களைத் தேடுவதையே எடுத்துக்காட்டாகத் தந்தது. போர்க்மன் தலைமுறை பக்கம் பக்கமாக அலசித் தேடிய பட்டியல் ஒரே கட்டளைக்கு வந்து விழுந்தது.

வரிசை வேண்டாம், இருந்தால் போதும் என்பவருக்கு இன்னும் எளிய வழி உண்டு. 26 விளக்குகள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொல்லில் இருக்கும் எழுத்துக்குரிய விளக்கு எரியும், இல்லாதது அணைந்திருக்கும். இந்த 26 நிலைகளும் கணினியின் ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. கேட்ட எழுத்துகளுக்கும் அதே போல ஓர் எண். இரண்டையும் ஒருமுறை ஒப்பிட்டால் அந்தச் சொல்லில் கேட்ட எழுத்துகள் எல்லாம் உள்ளனவா என்பது தெரிந்துவிடும். எழுத்து எத்தனை முறை வருகிறது என்பதும் வேண்டுமென்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பகா எண்ணைக் கொடுத்துப் பெருக்கிக்கொள்ளலாம்; சொல்லின் பெருக்குத்தொகை கேள்வியின் பெருக்குத்தொகையால் மீதியின்றி வகுபட்டால் விடை கிடைத்துவிட்டது. நீண்ட சொற்களுக்கு அந்த எண் மிகப் பெரிதாகிவிடுவதுதான் இதன் குறை.

உத்தியின் அருமையைக் காட்டும் நிகழ்வு ஒன்று 2022இல் நடந்தது. ஐந்தெழுத்துச் சொற்கள் ஐந்தை எடுத்து, எந்த எழுத்தும் திரும்ப வராமல் 25 எழுத்துகளையும் பயன்படுத்த முடியுமா என்ற கேள்விக்குக் கணித எழுத்தாளர் மேட் பார்க்கர் நிரல் எழுதினார். அது ஏறத்தாழ ஒரு மாதம் ஓடி விடை கண்டது. அதைப் பார்த்த மற்ற நிரலாளர்கள் விளக்கு உத்தியையும், அரிய எழுத்திலிருந்து தொடங்கும் உத்தியையும் சேர்த்து அதே வேலையை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடித்தார்கள். மாற்றம் எல்லாம் கேள்வியை அமைத்த விதத்தில்தான்.

ஸ்கிராபிளுக்கு வேறு தேவை. பலகையில் ஏற்கனவே இருக்கும் எழுத்தைத் தொட்டுக்கொண்டு சொல் அமைய வேண்டும். 1988இல் ஆண்ட்ரூ ஆப்பலும் கை ஜேக்கப்சனும், ஒரே தொடக்கமும் ஒரே முடிவும் உள்ள சொற்கள் அந்தப் பகுதிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு வலைப்பின்னலாக அகராதியைச் சுருக்கினார்கள். 1994இல் ஸ்டீவன் கார்டன், சொல்லின் எந்த நடு எழுத்திலிருந்தும் தேடலைத் தொடங்கும்படி அதை மாற்றியமைத்தார். இடம் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடியது. வேகம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. சொல்லை உள்ளிருந்து பிடிக்கும் வழி இப்படிக் கணினிக்குள் முழுமையாக அமைந்தது.

எது சொல்?

தேடல் தீர்ந்த இடத்தில் அடுத்த கேள்வி நிற்கிறது. பார்க்கர் தேடலில் கிடைத்த ஐந்து சொற்களில் 'ஃபியோர்ட்', 'நிம்ஃப்', 'வால்ட்ஸ்' மூன்றும் பலருக்குத் தெரிந்தவை. 'கக்ஸ்', 'வைபெக்ஸ்' இரண்டையும் படித்த ஆங்கிலேயர்களும் அறிந்திருக்க மாட்டார்கள். பட்டியலில் இருந்ததால் அவை விடையாயின.

கணினிகளில் நெடுங்காலமாகப் பயன்படும் ஒரு பட்டியல் 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் சுமார் 2,35,000 சொற்கள் உள்ளன. வழக்கொழிந்த சொற்கள் ஏராளம்; பன்மை வடிவங்களும் வினைத்திரிபுகளும் பெரும்பாலும் இல்லை; 1934க்குப் பின் பிறந்த சொல் எதுவும் இல்லை. ஸ்கிராபிளுக்கு இந்தியா, இலங்கை, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் சுமார் 2,80,000 சொற்கள். வட அமெரிக்கப் பட்டியலில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. பலகையின் அகலம் 15 கட்டங்கள் என்பதால் இப்பட்டியல்கள் 15 எழுத்தோடு நின்றுவிடுகின்றன. மிக நீண்ட சொல்லை இவற்றில் தேடுபவர் பலகையின் அகலத்தை மொழியின் எல்லையாக எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதி 1980களில் கணினிமயமாகி, குறுந்தகட்டில் வந்தபோதுதான் வரலாறு முழுவதும் புழங்கிய சொற்களுக்குள் இப்படித் தேட வழி பிறந்தது.

எழுத்துக்கூட்டலும் விடையை மாற்றும். பிடித்தமான என்று பொருள்படும் 'ஃபேவரிட்', நடத்தை என்று பொருள்படும் 'பிஹேவியர்' இரண்டையும் பிரிட்டிஷ் முறையில் எழுதினால் ஐந்து உயிர்களும் ஒவ்வொரு முறை வரும். அமெரிக்க முறையில் யூ விழுந்துவிடும். இரண்டுமே பட்டியலிலிருந்து வெளியேறும். 1828இல் நோவா வெப்ஸ்டரின் அகராதி ஊன்றிய சீர்திருத்தம் இந்தப் புதிரின் விடையை இன்றும் தீர்மானிக்கிறது. இதற்கு நேர்மாறாக, 'ஈக்வலைசேஷன்' என்பதை அமெரிக்கர்களும் ஆக்ஸ்ஃபோர்டும் இசட் போட்டு எழுதுவார்கள். பிரிட்டிஷ் நாளிதழ்கள் பெரும்பாலும் எஸ் போடும். அங்கே இசட் கேட்டவருக்கு அந்தச் சொல் கிடைக்காது. 'கவுன்டர்ரெவல்யூஷனரி' என்பதை அமெரிக்க அகராதி ஒரே சொல்லாகத் தருகிறது. பிரிட்டனில் இடைக்கோடு போட்டு எழுதுவது வழக்கம். இடைக்கோடு உள்ளது ஒரு சொல்லா, இரு சொற்களா என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால் நீளப் போட்டியே நடத்த முடியாது.

வேதியியல் பெயர்களையும் சேர்த்துக்கொண்டால் எல்லை முற்றிலும் அழிந்துவிடும். தசையில் உள்ள டைட்டின் என்ற புரதத்தின் முழு வேதிப்பெயர் 1,89,819 எழுத்துகள் நீளும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது புரதத்தின் கட்டமைப்பை வரிசையாகச் சொல்லும் வாய்பாடு. எந்த அகராதியும் அதைச் சொல்லாக ஏற்கவில்லை. இந்தத் தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. யாரும் பேசாத, எழுதாத, வாசிக்காத ஒன்றைச் சொல் என்று ஏற்றால் தேடலுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

எது நீளம்?

கேட்ட எழுத்துகள் பொதுவானவை என்றால் மிக நீண்ட சொல் எப்போதும் வென்றுவிடும். அது விடையாக இருக்கலாம். ஆனால் கேட்ட எழுத்துகளைப் பற்றி நமக்கு எதையும் அது சொல்லித்தராது. எனவே நீளத்தோடு எத்தனை வெவ்வேறு எழுத்துகள் உள்ளன என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

அப்படி அளந்தால் தரவரிசை தலைகீழாகிறது. 45 எழுத்து நோய்ப்பெயரில் இருப்பவை வெறும் 14 வெவ்வேறு எழுத்துகள். ஒன்றைப் பயனற்றதென மதிப்பிடுவதைக் குறிக்கும் 'ஃபிளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன்' 29 எழுத்து நீளம். அதில் ஐ மட்டும் ஒன்பது முறை. வெவ்வேறு எழுத்துகள் 11. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் இ அதில் ஒருமுறைகூட இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' 28 எழுத்து, வெவ்வேறானவை 12. விரல்ரேகைத் தோலின் அடிப்பகுதி சார்ந்த 'சப்டெர்மட்டோகிளிஃபிக்' 17 எழுத்துதான், பதினேழும் வெவ்வேறானவை. ஆக, பலவகை எழுத்துகளைக் கேட்பவருக்கு 45ஐவிட 17 பெரிய விடை.

எண்ணிக்கையின் தர்க்கமும் இதற்குத் துணை நிற்கிறது. 26 எழுத்துகளை இருக்கிறது, இல்லை என்று மாற்றி மாற்றி அமைத்தால் 6,71,08,864 தொகுப்புகள் வரும். சொற்பட்டியல்களில் இருப்பவை மூன்று லட்சத்துக்கும் குறைவு. ஆகவே ஏதோ ஒரு தொகுப்புக்குச் சரியாகப் பொருந்தும் சொல் கிடைப்பது அரிய நிகழ்வு. அரிய எழுத்துகளைக் கொண்ட சிறிய தொகுப்புகளில்தான் இந்தத் தேடலின் உண்மையான சுவை இருக்கிறது.

விளையாட்டுக்கு அப்பால்

இந்தத் தேடல் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவது பிழை. எழுத்துரு வடிவமைப்பவர்கள் புதிய எழுத்துருவைச் சோதிக்க, முக்கியமான வளைவுகளும் கோடுகளும் உள்ள எழுத்துகளைக் கொண்ட சொல் ஒன்றைத் தேடினார்கள். 'ஹாம்பர்கெஃபான்ட்ஸ்' போன்ற செயற்கைச் சொற்கள் அப்படிப் பிறந்தன. மேலை நாட்டு வணிகர்கள் கொள்முதல் விலையைப் பொருளின் சீட்டில் மறைத்து எழுத, எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல்லைச் சங்கேதமாக வைத்துக்கொண்டார்கள். கொல்லரைக் குறிக்கும் 'பிளாக்ஸ்மித்' போன்ற சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணுக்குரியது. எழுத்து திரும்ப வந்தால் இரண்டு எண்கள் குழம்பிவிடும் என்பதால் அந்த நிபந்தனை கட்டாயமானது.

எல்லாவற்றிலும் பெரிய பயன் மொழி கற்பவருக்குத்தான். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் நம் மாணவர்கள் எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்தே களைக்கிறார்கள். ஐந்து உயிர்களும் உள்ள சொற்களைத் தேடுங்கள் என்று ஒரு வகுப்பில் சொன்னால், 'எஜுகேஷன்', 'டயலாக்', 'ஈக்வேஷன்', 'காலிஃபிளவர்' என்று அன்றாடச் சொற்களே விடையாக வரத் தொடங்கும். தேடுகிற மாணவர் எந்த முன்னொட்டு எங்கே சேரும், எந்தப் பின்னொட்டு எந்த எழுத்தைக் கொண்டுவரும் என்பதைத் தானே கண்டுபிடிப்பார். முதலில் தாளும் பென்சிலும், பிறகு அகராதி, கடைசியில் கணினி என்ற வரிசையில் இதைச் செய்ய வைக்க வேண்டும். கணினியை முதலில் கொடுத்தால் பட்டியல் கிடைக்கும், சொல்லமைப்பு புரியாது.

முடிவாக

இந்த ஆய்விலிருந்து நடைமுறைக்கு நான்கு விதிகள் கிடைக்கின்றன. கேள்வி கேட்பவர் எழுத்துகள் எந்த வகையில் இருக்க வேண்டும் என்பதை ஆறு வகைகளில் ஒன்றாகச் சொல்ல வேண்டும். எந்த அகராதி, எந்த எழுத்துக்கூட்டல், இடைக்கோடும் பன்மையும் ஏற்கப்படுமா என்பதைச் சொல்ல வேண்டும். விடையின் நீளத்தோடு வெவ்வேறு எழுத்துகளின் எண்ணிக்கையையும் சேர்த்துத் தர வேண்டும். தேடுபவர், மனிதரானாலும் நிரலானாலும், மிக அரிய எழுத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த நான்கையும் கடைப்பிடித்தால், தொடக்கத்தில் வந்த மூன்று விடைகளும் மோதுவதில்லை. 45 எழுத்துச் சொல் அகராதி ஏற்ற எல்லாவற்றையும் கணக்கில் கொள்வோருக்கான விடை. 22 எழுத்துச் சொல், அமெரிக்க எழுத்துமுறையில் புழக்கச் சொற்களை மட்டும் ஏற்போருக்கானது. 15 எழுத்துச் சொல், உயிர்கள் திரும்ப வரக் கூடாது என்போர் முன்வைப்பது. அரிய சொற்களையும் ஏற்றால் மேலே வந்த 17 எழுத்துச் சொல் அதை முந்துகிறது; அதையும்விட நீண்ட ஒன்றைத் தேடும் பணி அவர்களுக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. சொற்பட்டியல்கள் பெருகும்போது பழைய சாதனைகள் முறியும், அது நல்லதே. நிபந்தனையைத் தெளிவாக எழுதி வைத்தவரின் விடையை மட்டுமே அடுத்தவர் சோதிக்கவும் வெல்லவும் முடியும். அதனால் விடையோடு நிபந்தனையையும் எழுதுங்கள். மாணவர்களுக்கும் அந்தப் பழக்கத்தையே முதலில் கற்றுக்கொடுங்கள்.